பொருத்துவது வேறு, மாற்றுவது வேறு: வாசகர் கேள்வி பதில்

ஒரு வடிவத்தில் தொகுத்து வைத்த ஆவணங்களைக் கணினியைக் கொண்டு வேறொரு வடிவத்துக்கு மாற்றி மறுபடியும் பயன்படுத்துவது பற்றிக் கன்னியாகுமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கே இந்த இதழின் பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து, கல்குளம், விளவங்கோடு பகுதிக் குடும்பங்களிடம் உள்ள பழைய ஆதாரங்களையும் (நிலப் பத்திரங்களையும்) ஒற்றிச் சீட்டுகளையும் படித்துத் தட்டச்சு செய்து வருகிறோம். ஒருவர் வேர்டில் தலைப்பிட்டு எழுதுகிறார். இன்னொருவர் எக்செல் அட்டவணையில் நிரப்புகிறார். மூன்றாமவருக்கு அவருடைய பேத்தி எக்ஸ்.எம்.எல். முறையில் குறிச்சொற்கள் இட்டுத் தருகிறார். மூன்றையும் கணினியே ஒன்றாக்கித் தருமா? – வாசகர், தக்கலை

பதில்: தரும். ஆனால் இதில் இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன. ஒரு கோப்பில் உள்ள எந்தப் புலம் (பெயர், தேதி போன்ற ஒரு தகவலுக்குரிய இடம்) இன்னொரு கோப்பில் உள்ள எந்தப் புலத்துக்கு இணையானது என்று கண்டறிவது பொருத்துதல். கண்டறிந்த இணைகளின்படி ஒவ்வொரு பதிவையும் புதிய அமைப்பில் எழுதுவது மாற்றுதல். இரண்டையும் ஒன்றாகக் கருதி ஒரே மூச்சில் முடித்துவிட நினைப்பவர்கள்தாம் பிறகு எந்தப் பதிவு எங்கே பிசகியது என்று தெரியாமல் திண்டாடுகிறார்கள்.

மாற்றுதல் கணினிக்குக் கைவந்த வேலை. விதியை ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டால், பத்துப் பதிவானாலும் பத்தாயிரம் பதிவானாலும் ஒரே மாதிரி செய்து முடிக்கும். பேத்தி பயன்படுத்தும் எக்ஸ்.எம்.எல். 1998 பிப்ரவரியில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது. அவ்வகை ஆவணங்களை ஓர் அமைப்பிலிருந்து இன்னோர் அமைப்புக்கு மாற்றுவதற்கென்றே எக்ஸ்.எஸ்.எல்.டி. என்னும் மொழி 1999 நவம்பரில் வந்தது. 'இந்தக் குறிச்சொல்லைக் கண்டால் இப்படி எழுது' என்று விதி விதியாகச் சொல்லும் மொழி அது. மற்ற இருவரின் கோப்புகளும் இதற்கு அந்நியமானவை அல்ல. இன்றைய வேர்டு கோப்பின் பெயரில் கடைசியில் உள்ள வகைக்குறியை 'ஜிப்' என்று மாற்றித் திறந்து பார்த்தால், உள்ளே இருப்பவை பெரும்பாலும் எக்ஸ்.எம்.எல். கோப்புகளே, எக்செல்லும் அப்படித்தான்.

பொருத்துதல்தான் கடினமானது. உங்கள் கோப்புகளில் நிச்சயம் இருக்கக்கூடிய ஒரு புலத்தையே எடுத்துக்கொள்வோம்: சர்வே எண். ஆதாரத்தைப் பார்த்து எழுதுகிறவர் அதில் உள்ள பழைய சர்வே எண்ணை எழுதியிருப்பார். குடும்பத்தார் இப்போது வைத்திருக்கும் பட்டாவையும் சேர்த்துப் பார்த்தவர், பின்னர் நடந்த மறு அளவையில் கொடுத்த ரீசர்வே எண்ணை எழுதியிருப்பார். இருவரும் அந்தப் புலத்துக்கு இட்ட பெயர் ஒன்றே. உள்ளே இருக்கும் மதிப்புகளும், ஓர் எண், ஒரு சாய்கோடு, உட்பிரிவு எண் என்று ஒன்றுபோலவே தோன்றும். பெயரை வைத்துப் பார்த்தாலும் மதிப்பை வைத்துப் பார்த்தாலும் கணினி இந்த இணைக்குத்தான் மிக உயர்ந்த மதிப்பெண் கொடுக்கும். அந்த இணைதான் முற்றிலும் தவறானது. ஒருவருடைய நிலத்தின் வரலாறு இன்னொருவருடைய நிலத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும், அது யார் கண்ணிலும் படாது. இதைத் தடுக்கக்கூடியவர் ஆதாரத்தைக் கையில் வைத்துப் படித்தவர் மட்டுமே.

தேதியும் அப்படிப்பட்டதே. உங்கள் ஆதாரங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். 825ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். ஆண்டின் ஒரு பகுதிக்கு மட்டுமே அது சரி. திருவிதாங்கூர் வழக்கில் கொல்லம் ஆண்டு சிங்கம் முதல் தேதி, அதாவது ஆகஸ்ட் நடுவில், பிறக்கிறது. எனவே கொல்லம் 1115 சிங்கம் 10 என்பது 1939 ஆகஸ்ட்; அதே 1115 மேடம் 10 என்பது 1940 ஏப்ரல். சிங்கத்திலிருந்து தனு (மார்கழி) மாதத்தின் நடுப்பகுதி வரை 824ஐயும், அதற்குப் பிறகு 825ஐயும் கூட்ட வேண்டும். ஆங்கில ஆண்டு தனு மாதத்துக்குள்ளேயே மாறுவதால், அந்த மாதத்து ஆதாரங்களுக்கு நாளும் தெரிந்தாக வேண்டும். மாதத்தை ஒரு புலத்திலும் ஆண்டை வேறொரு புலத்திலும் எழுதி வைத்திருக்கும் அட்டவணையில் 'ஆண்டு' என்ற புலத்தை மட்டும் தனியாகப் பொருத்தி மாற்றினால், ஆண்டின் முற்பகுதியில் எழுதப்பட்ட ஆதாரங்கள் எல்லாம் ஓர் ஆண்டு தள்ளிப் போய்விடும். ஆகவே இங்கே ஒரு புலத்துக்கு ஒரு புலம் என்ற இணை போதாது; மூன்று புலங்கள் சேர்ந்து ஒரு புலத்துக்கு இணை ஆகின்றன. தானியங்கிப் பொருத்திகள் இந்த வகை இணைகளில்தான் அதிகமாகத் தடுமாறுகின்றன.

கிரயத் தொகையையும் கவனியுங்கள். ஒரு திருவிதாங்கூர் ரூபாய்க்கு 7 பணம், ஒரு பணத்துக்கு 4 சக்கரம், ஒரு சக்கரத்துக்கு 16 காசு. ஒரு கோப்பில் 'தொகை' என்ற புலத்தில் 140 என்று மட்டும் இருந்து, அது பணமா ரூபாயா என்பது வேறொரு புலத்திலோ குறிப்பிலோ இருந்தால், பொருத்தும்போது அந்த அலகையும் கூடவே கொண்டுபோக வேண்டும்.

நான் சொல்லும் முறை இதுதான். மூன்று கோப்புகளில் ஒன்றைத் தலைமையாக்கி மற்ற இரண்டையும் அதற்குள் திணிக்காதீர்கள். ஓர் ஆதாரத்தில் உண்மையில் என்னென்ன இருக்கின்றன என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், ஆதாரத்தின் வகை, தேதி, தாலுகா, சர்வே எண், பரப்பு, நான்கெல்லை, தொகை, சாட்சிகள், எழுதியவர். அதுவே உங்கள் பொது அமைப்பு. பிறகு ஒரு பொருத்தப் பட்டியல் தயாரியுங்கள். அதில் மூலக் கோப்பின் புலம், பொது அமைப்பின் புலம், எடுத்துக்காட்டாக ஒரு மதிப்பு, நிபந்தனை ஏதும் உண்டா என்பது, இதைச் சரிபார்த்தவர் யார் என்பது ஆகிய எல்லாம் இருக்க வேண்டும். முதல் வரைவைக் கணினியைக் கொண்டே நிரப்பச் செய்யலாம். அதனால் உழைப்பு மிச்சமாகும். ஆனால் 'சரிபார்த்தவர்' என்ற கடைசிக் கட்டத்தை நிரப்ப வேண்டியவர் மனிதர். அந்தக் கட்டம் காலியாக உள்ள எந்த வரியையும் மாற்றத்துக்கு அனுப்பாதீர்கள். இந்தப் பட்டியல் வேலை முடிந்ததும் தூக்கிப் போடும் தாள் அன்று. தொகுப்பின் ஓர் அங்கமாக அதையும் பாதுகாக்க வேண்டும்.

இரண்டு சிறு எச்சரிக்கைகள். எக்செல்லில் எழுதுகிறவர் சர்வே எண் பத்தியை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று அமைத்துவிட்டுத் தட்டச்சு செய்யட்டும். இல்லாவிட்டால் 12/5 என்ற உட்பிரிவு எண்ணை அது மே மாதத் தேதியாக்கிவிடும். தாலுகாவைப் பொறுத்தவரை, 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் உருவானபோது இருந்த அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கோடு பின்னர் கிள்ளியூரும் திருவட்டாறும் சேர்ந்துள்ளன. பழைய ஆதாரம் விளவங்கோடு என்று சொன்னால் விளவங்கோடு என்றே இருக்கட்டும். இன்றைய தாலுகாவைத் தனிப் புலத்தில் எழுதுங்கள். திருத்துகிறோம் என்று நினைத்து மூலத்தை அழிப்பது பெரிய இழப்பு.

கேள்வி: இரு வேறு அமைப்பில் உள்ள ஆவணங்களில் எது எதற்கு இணை என்பதைக் கணினி எதை அடிப்படையாக வைத்து முடிவு செய்கிறது? – பொறியியல் மாணவி, நாகர்கோவில்

பதில்: மூன்று வகைச் சான்றுகளை வைத்து முடிவு செய்கிறது: புலத்தின் பெயர், அதில் உள்ள மதிப்பு, ஆவணத்துக்குள் அது இருக்கும் இடம்.

பெயர்களை ஒப்பிட மிகப் பழக்கமான வழி, 1965இல் விளாதிமிர் லெவன்ஷ்டைன் வரையறுத்த தொலைவு: ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக்க எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்ற எண்ணிக்கை. தமிழில் இதைப் பயன்படுத்தும்போது கவனம் வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் எண் வழங்கும் பொதுமுறையான யூனிகோடில் 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறிக்குத் தனி எண் ஒன்று உண்டு. ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் அடுத்தடுத்து இட்டாலும் திரையில் அதே உருவம்தான் தோன்றும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் 'எழுதிக் கொடுத்தவர்' என்ற இரண்டு புலப் பெயர்கள் கணினிக்கு வெவ்வேறாகப் படுவதற்கு இதுவே காரணம். ஒப்பிடத் தொடங்கும் முன் ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்.எஃப்.சி. முறைப்படி இரண்டையும் சீராக்கினால் இது தீரும். ஔகாரக் குறியின் இறுதிப் பகுதிக்குப் பதில் 'ள' என்ற எழுத்தையே தட்டச்சு செய்யும் பழக்கம் மட்டும் அதனால் தீராது. அதற்குத் தனி விதி எழுத வேண்டும். மேலும், தமிழ் எழுத்தை எழுத்தாகவே எண்ண வேண்டும், உள்ளே உள்ள குறியீட்டு எண்களை எண்ணக் கூடாது. 'முகவரி', 'விலாசம்' போன்ற இணைகளுக்கு எந்தத் தொலைவுக் கணக்கும் உதவாது. ஒத்த சொற்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும்.

மதிப்பைக் கொண்டு பொருத்துவது பல நேரங்களில் பெயரை விட நம்பகமானது. ஒரு பத்தி முழுவதும் 629 என்று தொடங்கும் ஆறு இலக்க எண்களாக இருந்தால், அதன் தலைப்பு என்னவாக இருந்தாலும் அது நம் மாவட்டத்து அஞ்சல் குறியீட்டு எண்தான் என்று துணிந்து சொல்லலாம். ஆனால் வீட்டுப் பெயர், ஊர்ப் பெயர் இரண்டும் 'விளை' என்று முடியும் நம் மேற்குத் தாலுகா முகவரிகளில் மதிப்பு கைகொடுக்காது. அங்கே அடுத்தடுத்த வரிகளின் ஒழுங்கைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இடத்தைக் கொண்டு பொருத்துவதே இத்துறையில் மிகுந்த ஆய்வு நடந்த பகுதி. அமைப்புள்ள ஆவணம் ஒரு மரம்: வேரில் ஆவணம், கிளையில் பிரிவுகள், நுனியில் மதிப்புகள். ஒரு மரத்தை இன்னொரு மரமாக்கக் கணுக்களை (மரத்தில் உள்ள ஒவ்வொரு பிரிவையும் மதிப்பையும்) சேர்த்தும் நீக்கியும் பெயர் மாற்றியும் செய்யும் மிகக் குறைந்த வேலை எவ்வளவு என்ற கேள்விக்குக் குவோ சுங் டாய் 1979இலும், கைஜோங் ஜாங், டென்னிஸ் ஷாஷா இருவரும் 1989இலும் வழிமுறைகள் வகுத்தார்கள். கிளைகளின் வரிசை முக்கியம் என்று வைத்துக்கொண்டால் இதை நியாயமான நேரத்தில் கணக்கிட முடியும். வரிசை முக்கியமில்லை என்றால் மிகக் கடினமான கணக்காகிவிடுகிறது. எனவே உங்கள் ஆவணத்தில் வரிசைக்குப் பொருள் உண்டா என்று முதலில் முடிவு செய்யுங்கள். கட்டுரையின் பத்திகளுக்கு வரிசை உண்டு. உறுப்பினர் படிவத்தின் புலங்களுக்கு இல்லை. இன்னொரு வழியை 2002இல் செர்கே மெல்னிக், ஹெக்டர் கார்சியா மோலினா, எர்ஹார்ட் ராம் மூவரும் முன்வைத்தார்கள். இரண்டு கணுக்கள் ஒத்தவை என்றால் அவற்றின் அண்டைக் கணுக்களும் ஒத்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று கொண்டு, ஒப்புமை மதிப்பெண்ணைச் சுற்றுச்சுற்றாக அண்டைக்குப் பரவவிட்டு, மதிப்பெண்கள் நிலைபெறும்போது நிறுத்துவது அவர்கள் முறை.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் வகுத்த அளவுகோல். கணினி எத்தனை இணைகளைச் சரியாகச் சொன்னது என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. அதைத் திருத்தப்போகும் மனிதருக்கு எவ்வளவு வேலை மிச்சமாகிறது என்று கேட்டார்கள். உண்மையான இணைகள் 20 என்று வையுங்கள். கணினி 20 இணைகளைச் சொல்லி அதில் 16 சரி என்றால், தவறான 4ஐ நீக்கி விடுபட்ட 4ஐச் சேர்க்க வேண்டும். 20 வேலைக்குப் பதில் 8 வேலை. 9 மட்டுமே சரி என்றால் 11ஐ நீக்கி 11ஐச் சேர்க்க வேண்டும். 22 வேலை ஆகிவிடும், முதலிலிருந்து கையாலேயே செய்திருக்கலாம். கணினி சொல்வதில் பாதிக்கு மேல் சரியாக இல்லாவிட்டால் அதன் உதவி உபத்திரவமே. இது பற்றிக் கல்லூரிச் செயல்திட்டம் செய்வதானால் அதில் இந்தக் கணக்கைத் தவறாமல் சேருங்கள். ராமும் ஃபிலிப் பெர்ன்ஸ்டைனும் 2001இல் எழுதிய மதிப்பாய்வுக் கட்டுரையிலிருந்து படிக்கத் தொடங்குவது நல்லது.

கேள்வி: எங்கள் அச்சகத்தில் பல ஆண்டுகளாகப் பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைத்த திருவிழா மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், சபை மலர்கள் நிறைய உள்ளன. இவற்றை மின்நூலாக மாற்ற முடியுமா? பெரும்பாலானவை பாமினி எழுத்துருவில் உள்ளன. – அச்சக உரிமையாளர், மார்த்தாண்டம்

பதில்: முடியும். செய்ய வேண்டிய காரியமும் கூட. இம்மலர்களில் உள்ள ஊர் வரலாறும் மறைந்த பெரியவர்களின் நினைவுக் கட்டுரைகளும் வேறெங்கும் அச்சானவை அல்ல.

வேலையின் வரிசைதான் இங்கே உயிர்நாடி. பாமினி கோப்பில் தமிழ் எழுத்து இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் உள்ளன. அவற்றுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது எழுத்துரு. 'அம்மா' என்ற சொல் அங்கே நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக இருக்கிறது. கோப்பை வெறும் உரையாகச் சேமித்தால், எந்த எழுத்து எந்த எழுத்துருவில் இருந்தது என்ற செய்தி போய்விடும். அதன் பிறகு, மலரின் நடுவில் உண்மையாகவே ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்த ஒரு பெயரையும் பாமினியில் இருந்த தமிழ்ச் சொல்லையும் எந்த நிரலாலும் பிரித்தறிய முடியாது. ஆங்கிலப் பெயரும் பொருளற்ற தமிழெழுத்துக் குவியலாக மாறும். ஆகவே எழுத்துருக் குறிப்பு கோப்பில் இருக்கும்போதே, பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பழைய எழுத்துருக்களில் கொம்பு, மெய்யெழுத்துக்கு முன்னால், கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டிருக்கும். யூனிகோடில் மெய்யெழுத்துக்குப் பின்னால் வர வேண்டும். நல்ல மாற்றி நிரல் இதைச் செய்துவிடும், ஆனால் வரி உடைந்த இடங்களில் கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் நின்றுவிடுவது உண்டு. அவற்றைத் தேடிப் பாருங்கள்.

அடுத்தது தோற்றத்திலிருந்து அமைப்பைக் கண்டறிவது. பேஜ்மேக்கர் கோப்புக்கு எது தலைப்பு, எது ஆசிரியர் பெயர் என்று தெரியாது. எது 18 பாயின்ட், எது தடித்த எழுத்து, எது நடுவில் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். கோப்பில் வரும் எழுத்துரு, அளவு, நிலை ஆகியவற்றின் ஒவ்வொரு சேர்க்கையும் எத்தனை முறை வருகிறது என்று முதலில் ஒரு பட்டியல் எடுக்கச் செய்யுங்கள். மிக அதிகமாக வருவது உடற்பகுதி. அதற்கு அடுத்தவை தலைப்பும் துணைத்தலைப்பும். ஓரிரு முறை மட்டுமே வரும் சேர்க்கைகளில்தான் சிக்கல் இருக்கும். பக்கத்தில் இடம் போதாமல் டி.டி.பி. செய்தவர் தலைப்பை ஒரு பாயின்ட் குறைத்த இடங்கள் அவை. ஒவ்வொரு சேர்க்கைக்கும் எதிரே அது என்ன என்று நீங்களே எழுதுங்கள். உங்கள் அச்சகத்தின் கைப்பழக்கம் உங்களுக்குத்தான் தெரியும். கவிதையின் வரி முறிவும் உரைநடையின் வரி முறிவும் கோப்பில் ஒன்றுபோலத் தோன்றும். உரைநடையில் வரிகளை ஒட்ட வேண்டும், கவிதையில் தொடக் கூடாது. '32ஆம் பக்கம் பார்க்க' என்று உடைத்துப் போட்ட கட்டுரைகளையும் கையால் சேர்த்தாக வேண்டும். இந்தக் கட்டம் வரை வந்துவிட்டால், மின்நூல் வடிவமான ஈபப்புக்கு மாற்றுவது சில நிமிட வேலை.

கேள்வி: ரப்பர் விவசாயிகளுக்காக எங்கள் குழு வெளியிடும் துண்டுப் பிரசுரங்களில் ஒரே குறிப்பு பலவற்றில் வருகிறது. ஒன்றில் திருத்தினால் மற்றவற்றில் பழையதே நிற்கிறது. – வாசகர், குலசேகரம்

பதில்: குறிப்பை ஓரிடத்தில் மட்டும் எழுதி, அதற்கு ஓர் அடையாளம் கொடுத்து, ஒவ்வொரு பிரசுரத்திலும் அந்த அடையாளத்தை மட்டும் இடுங்கள், அச்சுக்குப் போகும்போது கணினி உண்மையான பத்தியைக் கொண்டுவந்து சேர்க்கும். 2005இல், தரங்களை வகுக்கும் ஓயாசிஸ் அமைப்பு தரமாக ஏற்ற டிட்டா என்னும் முறை இதற்காகவே உருவானது. ஏற்கெனவே உள்ள பிரசுரங்களில் ஒத்த பத்திகளைக் கணினியைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். தொடர்ந்து வரும் சில சொற்களைக் கொத்துக் கொத்தாக எடுத்து, எந்த இரு பத்திகளில் அவை அதிகம் பொதுவாக உள்ளன என்று பார்ப்பதே வழி. ஆனால் ஏறக்குறைய ஒத்த இரண்டு பத்திகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றாக்காதீர்கள். ஒன்று இளங்கன்றுகளுக்கும் மற்றது பால் வெட்டும் மரங்களுக்கும் எழுதப்பட்டிருக்கலாம். வேறுபடும் அந்த ஒரே எண் மருந்தின் அளவாக இருக்கலாம். மறுபயன்பாட்டுக்குரிய பத்தியில் 'மேலே சொன்னபடி' என்ற தொடரும் வரக் கூடாது. அடுத்த பிரசுரத்தில் அதற்கு மேலே வேறொன்று இருக்கும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட பிறகு இந்தப் பட்டியலும் விதியும் எதற்கு? கோப்பைக் கொடுத்து 'மாற்றித் தா' என்று கேட்டால் போதாதா? – வாசகர், குளச்சல்

பதில்: எங்கே கேட்க வேண்டுமோ அங்கே கேட்டால் அது மிகவும் பயன்படும். 'முகவரி', 'விலாசம்' போன்ற இணைகளைப் பழைய முறைகளை விட நன்றாக ஊகிக்கும். பொருத்தப் பட்டியலின் முதல் வரைவைத் தயாரிக்கும். மாற்று விதிகளை எழுதிக் கொடுக்கும். ஆனால் ஒவ்வொரு பதிவையும் அதனிடமே கொடுத்துத் திரும்ப எழுதச் சொல்வதை நான் ஏற்கவில்லை. விதியில் ஒரு பிழை இருந்தால் அது எல்லாப் பதிவுகளிலும் ஒரே மாதிரி வெளிப்படும். ஒரு பதிவில் கண்டதும் விதியைத் திருத்தி மறுபடி ஓட்டலாம். செயற்கை நுண்ணறிவு பதிவுகளை நேரடியாக எழுதும்போது பிழை அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு விதமாக நேரும்: ஓர் இடத்தில் இரண்டு எண்கள் இடம் மாறும், இன்னோரிடத்தில் பழைய எழுத்து வழக்கு இன்றைய வழக்காகத் 'திருத்தப்படும்', வேறோரிடத்தில் காலியாக இருந்த புலம் பொருத்தமான ஏதோ ஒன்றால் நிரப்பப்பட்டிருக்கும். கடைசியாகச் சொன்னது மிக ஆபத்தானது, ஏனெனில் பார்ப்பதற்கு அது சரியாகவே இருக்கும். ஆகவே விதியை எழுதும் வேலையை அதனிடம் கொடுங்கள். நீங்கள் படித்துப் பார்த்து ஏற்ற அந்த விதி மட்டும் ஆவணங்களைத் தொடட்டும்.

கேள்வி: எங்கள் நூலகப் பட்டியலை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினோம். எதுவும் விடுபடவில்லை என்று எப்படி உறுதி செய்வது? – நூலகர், குழித்துறை

பதில்: முதலில் எண்ணுங்கள். உள்ளே போன பதிவுகளின் எண்ணிக்கையும் வெளியே வந்த எண்ணிக்கையும் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வொரு புலத்திலும் மதிப்பு உள்ள பதிவுகள் எத்தனை என்பதையும் தனித்தனியே ஒப்பிடுங்கள். பெரும்பாலான இழப்புகள் இந்த எளிய கணக்கிலேயே பிடிபட்டுவிடும். அடுத்து, மாற்றிய பட்டியலைத் திரும்பப் பழைய வடிவத்துக்கு மாற்றி, மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிடச் செய்யுங்கள். வேறுபடும் இடங்கள்தான் மாற்றத்தில் எதை இழந்தீர்கள் என்பதன் பட்டியல். நூலகங்கள் 1960களிலிருந்து பயன்படுத்திவரும் மார்க் வடிவத்திலிருந்து, 1995இல் உருவான, ஆவண விவரங்களைக் குறிக்கும் எளிய தரமான டப்ளின் கோரின் அடிப்படையான 15 கூறுகளுக்குப் பட்டியலை மாற்றினால், மொழிபெயர்ப்பாளர், தொகுப்பாளர், ஓவியர் ஆகிய எல்லோரும் 'பங்களித்தவர்' என்ற ஒரே கூறுக்குள் போய்விடுவார்கள்; திரும்ப மாற்றும்போது யார் என்ன செய்தார் என்று சொல்ல வழியிருக்காது. இதை மாற்றியவரின் பிழை என்று சொல்ல முடியாது, ஏனெனில் சென்று சேரும் வடிவமே குறுகியது. அப்படிப்பட்ட இடத்தில் மூலப் பட்டியலைத் தலைமையாக வைத்துக்கொண்டு, குறுகிய வடிவத்தை வேண்டும்போது அதிலிருந்து உருவாக்கிக்கொள்ளுங்கள்.

காலி இடங்களைத் தனியாகப் பாருங்கள். பழைய பட்டியலில் பதிப்பாண்டு இல்லாத நூல்களுக்கு ஒருவர் 'ஆண்டு இல்லை' என்றும், இன்னொருவர் 'ஏடு கிழிந்துள்ளது' என்றும், வேறொருவர் கேள்விக்குறியும் இட்டிருப்பார். ஆண்டு என்ற புலம் எண்ணை மட்டுமே ஏற்கும் புதிய வடிவத்தில் மூன்றும் வெற்றிடமாகிவிடும். நூலில் ஆண்டு அச்சிடப்படவில்லை என்பதும், அச்சிட்ட பக்கம் நம் படியில் இல்லை என்பதும் வெவ்வேறு செய்திகள். இரண்டாவதாக இருந்தால் வேறொரு நூலகத்துப் படியைப் பார்த்து நிரப்பிவிடலாம். இவற்றுக்கு ஒரு குறிப்புப் புலம் ஒதுக்கி விதியைத் திருத்தி, மூலக் கோப்பிலிருந்து மறுபடி ஓட்டுங்கள். சரிபார்க்க மாதிரிப் பதிவுகளை எடுக்கும்போது குலுக்கல் முறையில் எடுத்தவற்றோடு நின்றுவிடாமல், மிகப் பழைய நூல், மிக நீளமான தலைப்பு, பல ஆசிரியர்கள் உள்ள நூல், தமிழும் மலையாளமும் கலந்த தலைப்புள்ள நூல் ஆகியவற்றையும் சேர்த்துப் படியுங்கள்.